ஸ்கேன் நார்மல்தான், ஆனால் ஆள் மாறிவிட்டாரே?

பைக்கிலிருந்து விழுந்தவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, ‘நார்மல்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. சில வாரம் கழித்துக் குடும்பத்தார் வந்து சொல்வது வேறு: “ஒண்ணு கேட்டா பதில் வர நேரமாகுது. டிவி ஓடினா நாம பேசுறது காதுல விழறதே இல்ல. சட்டுனு கோபம். சாயங்காலம் நாலு மணிக்கே சோர்ந்து படுத்துடுறார்.”

அவசரப் பிரிவில் எடுக்கும் சி.டி., ரத்தக்கட்டு, எலும்பு முறிவு, வீக்கம் என உடனே கவனிக்க வேண்டியதைத் தேடும் படம். அவை இல்லையென்றால் நல்ல செய்திதான். மூளையின் இணைப்புகள் எப்படி இருக்கின்றன என்பதை அது சொல்லாது. நரம்பணுவிலிருந்து செய்தி கொண்டுபோகும் ஆக்ஸான் என்னும் இழையின் தடிமன் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சி.டி.க்கு அது எட்டாது.

அடிபடும்போது தலை சுழல்கிறது. மூளையோ கெட்டித் தயிர்போல நெகிழ்வானது. அதன் பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் திரும்ப, நடுவே ஓடும் இழைகள் இழுபடுகின்றன. மெதுவாக இழுத்தால் தாங்கும் இழை, சில மில்லிவினாடியில் இழுபட்டால் உள்ளிருக்கும் நுண்குழல்கள் ஒடிந்துபோகின்றன. புரதங்கள் பயணிக்கும் தண்டவாளம் அவை. சரக்கு அங்கங்கே தேங்கி இழை வீங்குகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. பெரும்பாலான இழைகள் அறுவது விழுந்த நொடியில் அல்ல, அடுத்து வரும் மணிகளிலும் நாட்களிலும்தான். மூளையின் இரு பாதிகளையும் சுமார் 20 கோடி இழைகளால் இணைக்கும் கார்பஸ் கலோசமும், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்பொருளும் இழைகள் நிறைந்த வெண்பொருளும் சந்திக்கும் எல்லையும் அதிகம் அடிவாங்கும் இடங்கள். தலைக்காயத்துக்குப் பின் மீளவே முடியாமல்போனவர்களின் வெண்பொருள் பரவலாகச் சிதைந்திருந்ததை சபீனா ஸ்ட்ரிச் 1956-லேயே நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவிட்டார்.

இழை சிதைந்தால் கவனம் ஏன் சிதற வேண்டும்? லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ஷார்ப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக விளக்குகிறது. நாம் சும்மா இருக்கையில் ஓடிக்கொண்டிருக்கும் ‘டிஃபால்ட் மோட்’ வலைப்பின்னல், வேலையில் இறங்கியதும் அடங்க வேண்டும். அதை அடக்க உதவுவது, எதைக் கவனிக்க வேண்டும் என்று பிரித்தறியும் ‘சேலியன்ஸ்’ என்னும் இன்னொரு வலைப்பின்னல். இரண்டாவதன் உள்ளிணைப்பு சேதமானவர்களிடம் முதலாவது சரியாக அடங்கவில்லை. தொடங்கிய செயலை ‘நில்’ என்றதும் நிறுத்துவதிலும் அவர்கள் திணறினார்கள். ஓரிடத்தில் இழை கெட்டால், தள்ளியிருக்கும் வேறோர் இடத்தின் வேலை தடுமாறும். வீட்டில் ‘சோம்பேறித்தனம்’, ‘திமிர்’ என்று பெயர் வாங்குவது பலமுறை இந்தத் தடுமாற்றம்தான்.

லேசான தலைக்காயம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். முதல் 24 மணி நேரம் யாராவது கூடவே இருக்க வேண்டும். திரும்பத்திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு, கைகால் பலவீனம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது: எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓரிரண்டு நாள் ஓய்வுக்குப்பின் மெதுவாக நடக்கவிடலாம். வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைப்பது குணமாவதைத் தள்ளிப்போடும்.

ஒரு மாதம் தாண்டியும் தடுமாற்றம் நீடித்தால் எஸ்.டபிள்யூ.ஐ. முறையோடு எம்.ஆர்.ஐ. எடுப்பது பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். பழைய நுண் ரத்தக்கசிவுகள் விட்டுப்போன இரும்பு அதில் கரும்புள்ளிகளாகத் தெரியும். புள்ளி இல்லாததால் இழைகள் முழுசாக இருக்கின்றன என்று ஆகிவிடாது. இழைகளின் திசையைக் காட்டும் டி.டி.ஐ. என்னும் இன்னொரு எம்.ஆர்.ஐ. முறை ஆய்வில் பயன்படுகிறது. ஆனால் வயதுக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப அதன் அளவு மாறுவதால், ஒரு தனி மனிதருக்கு அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தச் செலவை, கவனம், நினைவாற்றல், யோசிக்கும் வேகம் ஆகியவற்றை அளக்கும் நரம்பு உளவியல் பரிசோதனைக்குச் செய்யுங்கள். தூக்கக் கோளாறும் மனச்சோர்வும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை, மறக்காமலிருக்க நோட்டுப் புத்தகம். வேலைக்கு முதலில் அரைநாள் போகட்டும். மது வேண்டாம். பேசிக்கொண்டே காய் நறுக்கத் திணறுகிறவர் சாலையில் ஹாரனையும் குறுக்கே வரும் ஆட்டோவையும் சேர்த்துக் கவனிக்க முடியாது. டாக்டர் பரிசோதித்துச் சரி என்று சொல்லும்வரை வண்டிச் சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.