லோங்காங் அடைப்பு முதல் தண்ணீர்ப் பந்தல் வரை: பினாங்கில் கவுன்சிலரிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

வீட்டுக்கு முன்னால் லோங்காங், அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டு நாறுகிறது. பின் சந்தில் விளக்கு எரியவில்லை. பக்கத்துக் காலி நிலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து கொசு மொய்க்கிறது. இப்படி ஏதாவது வந்தால் பினாங்கில் நம்மவர்கள் முதலில் தேடுவது ஒய்பியின், அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதியின், ஆளைத்தான். அவருக்கு ஒரு வாட்ஸ்அப் படம் போகும். அவர் அதைக் கவுன்சிலருக்கு அனுப்புவார், கவுன்சிலர் மாநகர் கழகத்தில் ஏதோ ஒரு பிரிவுக்கு அனுப்புவார். சில நேரம் மறுநாளே ஆள் வந்து வேலை முடிந்துவிடும். சில நேரம் படம் எந்தக் கைப்பேசியில் தங்கிப்போனது என்றே தெரியாது.

கவுன்சிலர் என்றால் படங்களை வாங்கி அனுப்பிவைப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் இடம் அதைவிடப் பெரியது. மாநகர் கழகத்தின் முழுக் கூட்டத்தில் மேயருக்கு முன்னால் எழுந்து பேசி, பேசியதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றி, அதற்குப் பதில் வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. உங்கள் பிரச்சினை அந்தக் கூட்டத்தில் ஏறுமா இல்லையா என்பதில் நீங்கள் அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்பதற்கும் பங்கு உண்டு.

பினாங்கு மாநிலத்தில் இரண்டு ஊராட்சி மன்றங்கள். தீவுக்குப் பினாங்கு மாநகர் கழகம், அதாவது எம்பிபிபி. அதன் அன்றாட அலுவலகங்கள் கொம்தாரில் இருக்கின்றன; எஸ்பிளனேட் ஓரத்தில் இருக்கும் சிட்டி ஹாலும் அதற்குச் சொந்தமானதே. அக்கரைக்குச் செபராங் பிறை மாநகர் கழகம். தலைமையகம் புக்கிட் மெர்தாஜாம், பண்டார் பெர்டாவில். இரண்டும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. அந்தச் சட்டம் மேயரைத் தவிரக் குறைந்தது 8, அதிகபட்சம் 24 கவுன்சிலர்கள் இருக்கலாம் என்கிறது. அவர்களை நியமிப்பது மாநில அரசு. ஒரு நியமனம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடியும் நியமிக்கலாம். கவுன்சிலர்களில் பெரும்பாலோர் அந்த ஊரில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

நியமனம்தான், தேர்தல் இல்லை. ஆனால் தேர்தல் இருந்த ஊர் இது. 1951 டிசம்பர் 1 அன்று ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957 ஜனவரி 1இல் ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் டி.எஸ். ராமநாதன். ஸ்காட் ரோடு என்று மூத்தவர்கள் சொல்லும் சாலை இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல், நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணைக் குழு அமைந்தது. தேர்தல் தொடர வேண்டும் என்றுதான் அந்தக் குழு பரிந்துரை செய்தது. அரசாங்கம் ஏற்கவில்லை, 1976 சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பினாங்கு அரசு 2012இல் தானே ஒரு சட்டம் இயற்றித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

இந்தப் பழைய கதைக்கும் உங்கள் லோங்காங்குக்கும் தொடர்பு இருக்கிறது. கவுன்சிலர் உங்கள் ஓட்டை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அவரை நியமித்தது மாநில அரசு, பெயரைக் கொடுத்தது பெரும்பாலும் ஒரு கட்சி. கட்சி சாராத இயக்கங்களிலிருந்தும் பினாங்கில் சிலர் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே கவுன்சிலருக்கு எழுதும் கடிதத்தின் நகலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பிவிடுங்கள். அவருக்கு உங்கள் ஓட்டு வேண்டும். பல கவுன்சிலர்கள் உண்மையாகவே ஓடி ஓடி வேலை செய்கிறார்கள், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நகல் வைப்பதில் யாருக்கும் மனவருத்தம் வரப்போவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அது யாருடைய பொறுப்பு?

தாமதத்துக்குப் பெரிய காரணம் சோம்பல் என்று நினைக்கிறோம். பாதி நேரம் காரணம் வேறு: புகார் தப்பான கதவைத் தட்டியிருக்கும். வீட்டோரச் சாக்கடை, பின் சந்து, உள்சாலை, சாலையோர மரம், அங்காடிக் கடை உரிமம், மார்க்கெட், பொதுத் திடல், தெருவில் கார் நிறுத்தும் இடம் இவையெல்லாம் மாநகர் கழகம். ஆறு, பெரிய வடிகால் என்றால் ஜேபிஎஸ் எனப்படும் வடிகால் நீர்ப்பாசனத் துறை. துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை மாதிரியான கூட்டரசுச் சாலைகள் ஜேகேஆர் எனப்படும் பொதுப்பணித் துறை. குழாய்த் தண்ணீர், மின்சாரம் இரண்டுக்கும் தனித்தனி நிறுவனங்கள். சுங்கை பினாங்கு ஓரத்தில் வெள்ளம் வந்தால் மாநகர் கழகம், ஜேபிஎஸ் இரண்டுமே அதில் வரும். இது உங்கள் வேலை, அது எங்கள் வேலை என்று இரண்டு தரப்பும் பேசிக்கொண்டிருக்கும் இடங்களில்தான் கவுன்சிலர் அதிகம் தேவைப்படுகிறார். அவர் கூட்டத்தில் கேட்டால், மாநகர் கழகம் ஜேபிஎஸ்ஸுக்கு அதிகாரப்பூர்வமாக எழுத வேண்டிய நிலை வரும். நீங்களும் நானும் தனித்தனியாக எழுதி அது நடக்காது.

குப்பை விஷயத்தில் கோலாலம்பூர் உறவினர் சொல்லும் யோசனை இங்கே பொருந்தாது. திடக்கழிவுக்கான 2007ஆம் ஆண்டு கூட்டரசுச் சட்டம் கோலாலம்பூரில் நடப்பில் இருக்கிறது; அங்கே குப்பை எடுக்க ஆலாம் ஃபுளோரா நிறுவனம் வரும். பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. இங்கே குப்பை மாநகர் கழகத்தின் நேரடிப் பொறுப்பு. லோரி மூன்று நாளாக வரவில்லை என்றால் நேராக அதன் புகார்ப் பிரிவைக் கூப்பிட வேண்டியதுதான்.

அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். லிஃப்ட் ஓடவில்லை, கூரை ஒழுகுகிறது, நிர்வாகக் குழு கணக்குக் காட்டவில்லை என்று கவுன்சிலரிடம் போனால், அது தனியார் வளாகம் என்று சொல்வார். சொல்வது சரிதான். ஆனால் 2013ஆம் ஆண்டு ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்கீழ் நிர்வாகக் குழுக்களைக் கண்காணிக்கும் கட்டட ஆணையர் பிரிவு மாநகர் கழகத்திலேயே இருக்கிறது. கவுன்சிலரை அங்கே தள்ளுங்கள்: ஆணையர் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துவிட்டு, அந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

புகார் வேறு, கோரிக்கை வேறு

ஒரு மூடி உடைந்தது, ஒரு விளக்கு அணைந்தது என்றால் கவுன்சிலரே தேவையில்லை. மாநகர் கழகத்தின் புகார் வழியில் பதிவு செய்து எண்ணை வாங்கிக்கொண்டால் போதும். வாடகைக்கு இருப்பவரும் புகார் கொடுக்கலாம். மதிப்பீட்டு வரி யார் பெயரில் வருகிறது என்பது இதில் பொருட்டில்லை. அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் கவுன்சிலரிடம் போக வேண்டி வந்தால் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான். எத்தனையோ தடவை சொல்லிட்டோம் என்று ஆத்திரப்படுவதைவிட, இந்தத் தேதியில் இந்த எண், இன்னும் சரியாகவில்லை என்று காட்டுவது நன்றாக வேலை செய்யும்.

கவுன்சிலரிடம் கொண்டுபோக வேண்டியது அடிக்கடி திரும்பி வரும் பிரச்சினை, பலரைப் பாதிக்கும் பிரச்சினை, அல்லது விதியே மாற வேண்டிய விஷயம். தைப்பூசம் நல்ல உதாரணம். கெபுன் பூங்கா சாலை நெடுக எந்தப் பந்தல் எங்கே போடலாம், குப்பைத் தொட்டிகள் எத்தனை, கழிப்பறை எங்கே, மறுநாள் காலை யார் கூட்டுவது என்பதெல்லாம் ஒரு தனிப்புகாரில் தீராது. பந்தல் குழுக்கள் சேர்ந்து, திருவிழாவுக்கு நான்கைந்து மாதம் முன்பே கவுன்சிலரிடம் கொடுத்தால் கூட்டத்தில் எழுப்ப நேரம் இருக்கும். ஜனவரியில் போய் நின்றால் அனுமதி விதிகள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். ஒலிபெருக்கிச் சத்தம் என்றால் போலீசும் இதில் வரும். அதைக் கவுன்சிலர் ஒருவரால் தீர்க்க முடியாது.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இடம், எப்போதிலிருந்து, எத்தனை வீடுகள், முன்பு கொடுத்த புகார் எண், கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை. ‘ஆவன செய்யவும்’ என்று முடித்தால் ஆவன எதுவும் நடக்காது. ‘இந்தச் சாக்கடையை இந்தச் சந்திலிருந்து அந்தச் சந்துவரை அகலப்படுத்த மதிப்பீடு செய்யவும்’ என்று முடியுங்கள். கவுன்சிலர் தமிழ் பேசுபவராகவே இருந்தாலும் கடிதத்தை மலாய் மொழியில் கொடுங்கள். கோப்பு மலாயில்தான் நகரும். மொழிபெயர்க்கும் வேலையை அவர் தலையில் கட்டினால் அங்கேயே ஒரு மாதம் போய்விடும்.

கூட்டத்தில் என்ன நடக்கிறது

முழுக் கூட்டம் மாதந்தோறும் நடக்கிறது. முந்தைய கூட்டக் குறிப்பை உறுதிசெய்வது, குழுக்களின் பரிந்துரைகள் என்று நிகழ்ச்சி நிரல் போகும். கடைசியில் கவுன்சிலர்கள் ஒத்திவைப்பு உரை ஆற்றுவார்கள். வெள்ளம், டிங்கி, கார் நிறுத்துமிடம், அங்காடிக்காரர்கள், மரங்கள் என்று ஊர்க்கவலைகள் பெரும்பாலும் வெளியே வருவது இந்த உரைகளில்தான். மறுநாள் பத்திரிகையில் வரும் செய்தியும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. உங்கள் கவுன்சிலரிடம் ‘அடுத்த ஒத்திவைப்பு உரையில் இதைச் சேர்ப்பீர்களா?’ என்று நேரடியாகக் கேட்கலாம். இதில் தயங்க ஒன்றுமில்லை.

நீங்களே போய் உட்கார்ந்து கவனிக்கவும் செய்யலாம். ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது. அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டால் மட்டும் மூடலாம். குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. அவை மூடியே நடக்கும், குழுவே திறக்க முடிவெடுத்தால் தவிர. உண்மையான வாக்குவாதம் நடப்பது குழுக்களில்தான் என்பதால் இந்த விதிவிலக்கு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. போவதற்கு முன் தேதியையும் இருக்கை வசதியையும் செயலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பார்வையாளருக்குப் பேசும் உரிமை கிடையாது.

இனி பதில். மேயர் அங்கேயே பதில் சொல்லலாம், அல்லது பொறுப்பான பிரிவு பின்னர் எழுதித் தரலாம். எந்தப் பிரிவு, எந்த மாதத்துக்குள், என்ன வேலை என்று மூன்றும் இருந்தால் அது நல்ல பதில். ‘அம்பில் மக்லும்’ (கவனத்தில் கொள்ளப்பட்டது) என்று மட்டும் குறிப்பில் இருந்தால், கேட்டுக்கொண்டார்கள், அத்தோடு சரி. ‘நிதி நிலைக்கு உட்பட்டு’ என்று வந்தால் கதவு இன்னும் சாத்தப்படவில்லை: அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் முந்தைய ஆண்டிலேயே தயாராகி மாநில அரசின் ஒப்புதலுக்குப் போகிறது. சாக்கடை அகலப்படுத்துவது மாதிரியான பணச் செலவுள்ள கோரிக்கையை ஆண்டின் முற்பாதியிலேயே எழுப்ப வேண்டும். நவம்பரில் எழுப்பினால் ஓராண்டு தள்ளிப்போகும். ‘எங்கள் அதிகார வரம்புக்கு வெளியே’ என்றால், யாருடைய வரம்பு என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தோடு ஜேபிஎஸ் அல்லது ஜேகேஆர் கதவைத் தட்டலாம்.

பதிலே வரவில்லையா? பினாங்குக்கு 2010ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. 2015இல் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆய்வறிக்கை, ஒரு முடிவு என்று குறிப்பிட்டு மாநிலத் துறைகளிடமும் மாநகர் கழகத்திடமும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு, ரகசியம் என்று வகைப்படுத்தியது கிடைக்காது. நம்மவர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. குடியிருப்போர் சங்கங்களாவது பழகிக்கொள்ளலாம்.

கோலாலம்பூரில் இருப்பவர்கள் இதில் பலவற்றைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே டிபிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் மாநகர் மன்றம் 1960ஆம் ஆண்டு கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. மேயர் உண்டு, ஆலோசனை வாரியம் உண்டு, பினாங்கில் இருப்பது மாதிரி கவுன்சிலர் மன்றம் கிடையாது. மாநிலச் சட்டமன்றமும் இல்லை. பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ இருப்பவருக்கு டிபிகேஎல்லின் புகார்ப் பிரிவை விட்டால் நாடாளுமன்ற உறுப்பினர்தான். மொத்தம் 11 பேர். தெருவிளக்கும் அவர்கள் மேசைக்கே வருகிறது.

பினாங்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, நியமனக் காலம் முடிந்ததும் ஆள் மாறலாம். பழைய கவுன்சிலரின் கைப்பேசியில் இருந்த உங்கள் படங்களும் உரையாடலும் புதியவருக்குத் தானாகப் போகாது. கடித நகல், புகார் எண், உங்கள் பிரச்சினை பேசப்பட்ட கூட்டத்தின் தேதி, வந்த பதில் இந்த நான்கையும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொண்டு, புதியவர் பதவி ஏற்ற முதல் மாதமே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.