மாதச் சுழற்சியும் மூளையின் வெகுமதி மையமும்

"மாதத்தில் ஒரு வாரம் இனிப்பு, பாட்டு, கடைத்தெரு எல்லாமே கூடுதலாக இழுக்கின்றன, இன்னொரு வாரம் எதிலும் மனம் ஒட்டுவதில்லை. இது என் மனப்பிரமையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய அனுபவம் முழுவதையும் ஹார்மோன் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் பிரமை என்று ஒதுக்கவும் முடியாது. வெகுமதியை எடைபோடும் மூளைப் பகுதியின் நரம்பணுக்களே ஹார்மோன் சுழற்சியோடு சேர்ந்து மாறுகின்றன. இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து கிடைத்தது.

சுழற்சியின் முதற்பாதியில் எஸ்ட்ரடையால் என்னும் பெண் ஹார்மோன் ஏறுவதும், சினைமுட்டை வெளிவந்த பின் புரோஜெஸ்டிரோன் என்னும் இன்னொரு ஹார்மோன் ஓங்குவதும் பள்ளியில் படித்ததுதான். மனிதர்களில் சுமார் 28 நாள் எடுக்கும் சுழற்சியை எலி 4 அல்லது 5 நாளில் முடித்துவிடுகிறது. அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றறிய, யோனியில் துளி உப்புநீர் விட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். உட்கரு தெளிவாகத் தெரியும் உருண்டைச் செல்கள் நிறைந்திருந்தால் சினைப்பருவம் நெருங்குகிறது. உட்கரு இழந்த செதில்களாகக் கிடந்தால் வந்துவிட்டது. வெள்ளையணுக்கள் மொய்த்தால் கடந்துவிட்டது. கினிப் பன்றிகளில் இந்த முறையை 1917இல் விளக்கிய இருவரில் ஒருவர்தான், பின்னாளில் கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் பரிசோதனையால் உலகறிந்த பாப்பனிகோலாவ்.

இனி மூளைக்கு வருவோம். வெகுமதியை எடைபோடும் அந்தப் பகுதி, முன்மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ். அதன் நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே வகை. அவை எளிதில் அசையாதவை. பல இடங்களிலிருந்து தூண்டல்கள் ஒருசேர வந்து குவிந்தால்தான் மின்துடிப்பை வெளியிடும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் மைட்சன் குழு, எலி மூளையின் மெல்லிய சீவல்களில் இந்த அணுக்களின் மின்பண்புகளை அளந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. அணுவுக்கு வந்துசேரும் தூண்டல்களும் அது எவ்வளவு எளிதில் கிளர்ச்சியடையும் என்பதும் சுழற்சியின் கட்டத்துக்கேற்ப மாறின. சினைப்பை அகற்றப்பட்ட எலிகளில் அந்த மாற்றம் இல்லை.

எஸ்ட்ரடையால் இதை எப்படிச் சாதிக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஸ்டீராய்டு ஹார்மோன் செல்லுக்குள் புகுந்து, தன்னை அடையாளம் காணும் புரதமான ஏற்பியைப் பற்றிக்கொண்டு, உட்கருவில் ஜீன்களை முடுக்கும் என்பது பாடநூல் விளக்கம். அதற்கு மணிக்கணக்கில் நேரமாகும். ஆனால் 1996இல் மெர்மெல்ஸ்டைன், பெக்கர், சர்மையர் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் அக்கும்பென்ஸை ஒட்டிய ஸ்ட்ரயேட்டம் பகுதியின் நரம்பணுக்களைத் தனியே பிரித்து, அவற்றின் மீது எஸ்ட்ரடையாலைச் செலுத்தினார்கள். அணுவைச் சூழ்ந்த சவ்விலுள்ள கால்சியம் வாயில்கள் வழியே பாயும் மின்னோட்டம் சில நொடிகளிலேயே குறைந்தது. நொடிகளுக்குள் எந்த ஜீனும் புதுப் புரதம் செய்து முடிக்காது. அடுத்து ஹார்மோனை ஆல்புமின் என்னும் பெரிய புரதத்தோடு பிணைத்தார்கள். குடிசை வாசலில் நிற்கும் யானையைப் போல, அந்த உருவம் சவ்வைக் கடந்து உள்ளே போக வழியில்லை. அப்போதும் மின்னோட்டம் குறைந்தது! ஆக, ஹார்மோனின் பேச்சைக் கேட்கும் ஏற்பி சவ்விலேயே இருக்கிறது. பிகோமோலார் என்னும் நுண்ணிய அடர்த்தியே இதற்குப் போதுமானதாக இருந்தது. ஆண் எலியின் அணுக்களைவிடப் பெண் எலியின் அணுக்களில் விளைவும் பெரிது. ஒரே சோதனையில் இத்தனையும் தெளிந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

மனிதர்களிலும் தடயம் உண்டு. பணப்பரிசை எதிர்பார்க்கும்போதும் பெறும்போதும் பெண்களின் மூளையில் எழும் செயல்பாடு, சுழற்சியின் முற்பாதியில் கூடுதலாக இருந்ததை 2007இல் வெளியான ஓர் எம்ஆர்ஐ ஆய்வு காட்டியது. போதைப் பழக்கம், மனச்சோர்வு ஆகியவற்றிலும் இந்த வெகுமதி மையத்துக்குப் பங்குண்டு என்பதால், அவற்றின் சிகிச்சையிலும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கலாம்.

ஆனால் இந்தச் சுழற்சியையே சாக்காகச் சொல்லி, பெண் விலங்குகளின் தரவு நிலையற்றது என்று ஆய்வகங்கள் நெடுங்காலம் அவற்றை ஒதுக்கின. நரம்பியல் ஆய்வுகளில் ஆண் விலங்குகளை மட்டும் பயன்படுத்தியவை, பெண் விலங்குகளை மட்டும் பயன்படுத்தியவற்றைப் போல 5.5 மடங்கு என்று 2011இல் ஆய்வாளர்கள் பீரியும் சுக்கரும் கணக்கிட்டார்கள். பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண்களுடையதைவிட அதிகம் ஏறியிறங்குவதில்லை என்பது 2014இல் தெரிந்தது. பாலினத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் விதி 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. மாதவிலக்கைத் தீட்டென்று ஒதுக்கும் வழக்கத்தைக் கண்டிக்கும் நாம், ஆய்வகத்தில் நடந்த இந்த ஒதுக்கலையும் அதே குரலில் கண்டிக்க வேண்டும். நம் நாட்டில் ஆய்வுக்குப் பணம் தரும் குழுக்கள், பெண் எலிகளைச் சேர்க்காத ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கட்டும்.