மழை பொய்த்தால் குழாயில் யாருக்கு இடம்?

2022இல் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வெற்று சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக்கிடந்தவர்களிடம் ஒரு கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. "வெளிநாடுகளில் எரிவாயு குழாயிலேயே வீட்டுக்கு வருகிறதாமே, தம்பி? இங்கே ஒரு குழாய் போட்டால் எவ்வளவு வரும்?" நான் வளைகுடா நாடொன்றில் எரிவாயுக் குழாய்களின் ஓட்டத்தைக் கணக்கிடும் பொறியியலாளன். அதனால் விடுமுறையில் ஊருக்கு வந்தால் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடுகிறது.

முதலில், சிலிண்டரில் இருப்பது வேறு, குழாயில் போவது வேறு. சிலிண்டரில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் சற்று அமுக்கினாலே திரவமாகிவிடும். லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவரலாம். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீதேன். மைனஸ் 162 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தால்தான் அது சாதாரண அமுக்கத்தில் திரவமாக நிற்கும். இலங்கையில் அதற்கான குழாய் வலையமைப்பு இல்லை. மன்னார்ப் படுகையில் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டும் கடலுக்கடியிலேயே கிடக்கிறது. கொழும்பை அண்டிய கெரவலப்பிட்டியவில் இயற்கை எரிவாயுவை மனத்தில் வைத்துக் கட்டிய மின்நிலையம், அது வந்து சேராததால் எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கிறது.

"எவ்வளவு வரும்" என்பதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்பாதீர்கள். குழாயின் கடத்தும் திறன் இரும்பில் பொறித்திருப்பதில்லை. விட்டம், நீளம், உள்ளே தள்ளும் அமுக்கம், மறுமுனையில் தருவதாக ஒப்புக்கொண்ட அமுக்கம் என எல்லாமாகச் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. வாயு அமுக்கினால் சுருங்கக்கூடியது என்பதால், இரண்டு அமுக்கங்களையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கழித்து, அதன் வர்க்கமூலத்தைப் பார்க்க வேண்டும். 70 பாரில் (பார் என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு) ஏற்றி 40 பாரில் கொடுக்கும் குழாய் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 20 பாரே போதும் என்று இறங்கிவந்தாலும் ஓட்டம் சுமார் 17 சதவீதமே கூடும். நடுவழியில் ஒரு கொம்பிரசர் நிலையம் வைத்து மீண்டும் 70 பாருக்கு உயர்த்தினால் 40 சதவீதம் அளவில் கூடும். விட்டத்தை இரட்டித்தாலோ ஏறக்குறைய ஆறு மடங்கு! குழாய் வாங்கும் நாளில் பார்க்கும் சிக்கனம் பின்னால் எவ்வளவு செலவு வைக்கும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

மலை ஏறுவதுதான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரைக் கடல் மட்டத்திலிருந்து நுவரெலியாவின் உயரத்துக்கு, அதாவது 1,868 மீற்றருக்கு, ஏற்ற 180 பாருக்கு மேல் வேண்டும். 70 பாரில் உள்ள எரிவாயுவுக்கு அந்த ஏற்றத்தால் குறைவது ஒன்பது பார் அளவுதான். எனக்குக் கவலை மண்ணைப் பற்றியது. மீரியபெத்தையில் 2014இல் நடந்த மண்சரிவைப் பார்த்த பிறகு, உயர் அமுக்கக் குழாயை இந்தச் சரிவுகளில் புதைக்க நான் இலகுவில் கையெழுத்திட மாட்டேன்.

எங்கள் கட்டுப்பாட்டறையில் ஆண்டு முழுவதுக்குமான திறனைத் தீர்மானிப்பது ஜூலை மாத நண்பகல். வெயில் ஏற ஏறக் கொம்பிரசரை ஓட்டும் சுழலியின் வலு குறையும். அந்த நேரத்தில் ஓர் இயந்திரமும் பழுதாகி நின்றுவிட்டதாக வைத்துக் கணிப்போம். அப்போதும் கொடுத்தே தீர முடிகிற அளவை மட்டுமே உறுதித் திறனாக விற்கலாம். நல்ல நாட்களில் அதற்கு மேல் கிடைப்பது, "இருந்தால் தருகிறோம், நெருக்கடி வந்தால் முதலில் நிறுத்துவோம்" என்ற நிபந்தனையுடன் மலிவாகப் போகும்.

பதுளை ரயிலில் ஆசனம் முன்பதிவு செய்பவரையும் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு வருபவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தவர் வராமல் விட்டாலும் ஆசனத்துக்குக் கட்டிய பணம் கட்டியதுதான். உறுதித் திறனும் அப்படியே: வாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டணம் உண்டு. இதை விளங்கிக்கொள்ளாமல் குழாய்த் திட்டங்களைப் பற்றிப் பேசுவது வீண்.

பதிவு செய்துவிட்டுப் பூட்டி வைப்பவர்களும் உண்டு. போட்டியாளரை உள்ளே விடாமல் தடுக்க அது வசதியான வழி. அமெரிக்காவில் 1992இல் வந்த 636ஆம் இலக்கக் கட்டளை, குழாய் நடத்துவதையும் எரிவாயு விற்பதையும் பிரித்துவிட்டது. வேண்டாத திறனை மற்றவருக்குக் கைமாற்றவும் வழி செய்தது. ஐரோப்பாவில் ஆண்டு, காலாண்டு, மாதம், நாள் என்று துண்டுதுண்டாக ஏலம் விடுகிறார்கள். பதிவு செய்தவர் நாளைக்கு எவ்வளவு அனுப்பப்போகிறார் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அவர் பயன்படுத்தாத இடம் மற்றவருக்குத் திறக்கப்படும். இந்தியாவிலும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குமுறை வாரியம், குழாய்த் திறனில் ஒரு பங்கை வெளியாருக்குத் திறந்து வைக்கச் சொல்கிறது.

எல்லாம் ஏலத்தில் சரியாகிவிடுவதில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வீடுகளைச் சூடாக்கும் விநியோக நிறுவனங்கள் உறுதித் திறனை வாங்கி வைத்திருக்கின்றன. மின்நிலையங்கள் பல செலவைக் குறைக்க மலிவான திறனை நம்பியிருக்கின்றன. 2014 ஜனவரிக் கடுங்குளிரில் குழாய் நிறைந்தபோது, அவற்றில் பல எரிவாயு கிடைக்காமல் எண்ணெய்க்கு மாற வேண்டியதாயிற்று.

அங்கே குளிர் செய்ததை இங்கே வரட்சி செய்யும். தென்மேல் பருவமழையில் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்பி வழியும் மாதங்களில் நீர்மின்சாரம் கைகொடுக்கும். கரையோர மின்நிலையங்களுக்கு எரிவாயு அதிகம் தேவைப்படாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நீர்மட்டம் இறங்கும்போது அவை ஒன்றாக எரிவாயு கேட்கும். ஆகவே நாளை கெரவலப்பிட்டியவுக்குக் குழாய் வந்தால், அதில் எவ்வளவு உறுதித் திறனைப் பதிவு செய்வது என்பதை இந்த மலைகளின் மழைக் குறிப்பேடுதான் தீர்மானிக்கும். வரட்சிக்கென்று அளந்து வாங்கினால், மழை மாதங்களில் ஓடாத வாயுவுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். சராசரிக்கு வாங்கினால், மஸ்கெலியாவில் மழை பொய்த்த ஆண்டில் டீசலுக்கு அள்ளிக் கொடுக்க வேண்டும். குழாய்க்குள் அடைபட்டிருக்கும் வாயு சில மணி நேரத் தட்டுப்பாட்டைத் தாங்கும், நான்கு மாத வரட்சியைத் தாங்காது. என் கணிப்பில், உறுதித் திறனைச் சற்றுக் குறைவாக வாங்கி, மின்நிலையத்தில் எண்ணெய்க் கையிருப்பு வைப்பதே நமக்குத் தோது.

எப்படி வாங்கினாலும் செலவு மின்கட்டணத்தில் வந்து சேரும். லயன் வீட்டு மின்பட்டியலும் அதில் அடக்கம். கட்டண மாற்றத்துக்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. எரிவாயுவின் விலை வேறாகவும், குழாயில் பிடித்து வைத்த இடத்துக்கான கட்டணம் வேறாகவும் காட்டப்பட்டிருக்கிறதா, எந்த ஆண்டின் மழையை வைத்து அந்த இடத்தை அளந்தார்கள் என்று அங்கே எழுதிக் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம்.