இரண்டு சென்டிமீட்டர் கட்டிக்கு ஒரு முழுச் சிறுநீரகமா?

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அண்மையில் ஓர் அம்மா வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, பல ஆண்டுச் சர்க்கரை நோய், இரண்டு காலிலும் வீக்கம். மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து வைத்த காகிதங்களில், டிஸ்சார்ஜ் அட்டைக்குப் பின்னால் பின் அடித்து மடித்தபடியே திசுப் பரிசோதனை அறிக்கை இருந்தது. அந்த மடிப்பை யாரும் பிரித்ததில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. 'ஆன்கோசைட்டோமா, 2.3 செ.மீ.' என்று எழுதியிருந்தது. அது புற்றுநோயே அல்லாத சாதுவான கட்டி. அதற்காகக் கீழே ஒரு மருத்துவமனையில் இடது சிறுநீரகம் முழுவதையும் எடுத்திருக்கிறார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் இப்போது 2.1 என்று ஏறிக் கிடக்கிறது.

"புற்றுநோயை வேரோடு எடுத்துவிட்டார்கள் அல்லவா, டாக்டர்?" என்று மகன் கேட்டார். இல்லாத நோய்க்கு வேர் எங்கிருந்து வரும்?

இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

4 செ.மீ. வரையுள்ள கட்டியைத்தான் சிறிய கட்டி என்கிறோம். பித்தப்பைக் கல்லுக்காகவோ முழு உடல் பரிசோதனைக்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாக அகப்படுவதுதான் பெரும்பாலும். அது வலிக்காது, உங்கள் இடுப்பு வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெறும் நீர்க்கட்டியாக இருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. திடக்கட்டி என்றால் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். திடக்கட்டிகளிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோய் அல்ல. மீதியிலும் பல, ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். 3 செ.மீ.க்குள் இருக்கும்போது வேறு உறுப்புக்குப் பரவியிருப்பது மிக அரிது. ஆகவே, "நாளைக்கே அட்மிட் ஆகுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் ஸ்கேன் படத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வாருங்கள். ஒரு மாதம் யோசிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பேச்சு, "ஒரு சிறுநீரகம் போதுமே, டாக்டர்" என்பதுதான். அண்ணனுக்குத் தானம் கொடுத்த அக்காவை உதாரணம் காட்டுவார்கள். தானம் கொடுப்பவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியுமா? சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தக் கோளாறு இல்லை, இரண்டு சிறுநீரகமும் எவ்வளவு வடிகட்டுகின்றன என்று தனித்தனியாகக்கூட அளந்து பார்த்து, சிறிய சந்தேகம் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறோம். கட்டியோடு வருகிறவரோ பெரும்பாலும் வயதானவர். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலி மாத்திரைகள் என்று இரண்டு சிறுநீரகமும் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். "கிரியேட்டினின் நார்மல்தானே?" என்பது அடுத்த கேள்வி. வடிகட்டும் திறன் பாதியாகக் குறையும்வரைகூட அந்த எண் நல்ல பிள்ளையாக நிற்கும். அறிக்கையில் அதற்குக் கீழே, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைப் பாருங்கள். மீதமிருக்கும் சிறுநீரகத்தில் நாளை இன்னொரு கட்டி வராது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவது? தேயிலைச் செடியின் கொழுந்தில் கொப்புள நோய் கண்டால் செடியையே பிடுங்குகிறோமா?

கட்டியுள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மீதிச் சிறுநீரகத்தை விட்டுவைக்கலாம். அது நேற்று வந்த வித்தையும் அல்ல. 1887-லேயே ஜெர்மனியில் செர்னி என்ற அறுவை மருத்துவர் கட்டிக்காக அதைச் செய்திருக்கிறார். (எங்கள் துறையினருக்கு ஒரு வார்த்தை: 2011-இல் வெளிவந்த ஐரோப்பிய ஒப்பீட்டு ஆய்வில் பகுதியை மட்டும் அகற்றியவர்கள் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை என்று என்னிடம் வாதாட வருவீர்கள். அதில் சேர்க்கப்பட்டவர்கள் மறு சிறுநீரகம் நன்றாக இருந்தவர்கள். என் எதிரே உட்காருகிறவர்கள் அப்படியில்லை.)

கட்டி நடுவில், பெரிய இரத்தக்குழாய்களை ஒட்டி இருந்தால் சில சமயம் முழுவதையும் எடுக்கத்தான் வேண்டும். அது கடைசி வழி.

வயதானவருக்கு, இதயமோ நுரையீரலோ பலவீனமானவருக்கு, 3 செ.மீ.க்குள் உள்ள கட்டிக்கு ஊசிச் சிகிச்சை உண்டு. ஸ்கேனில் பார்த்தபடியே கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி, சூட்டால் கருக்குவார்கள் அல்லது உறைய வைப்பார்கள். பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்குப் போகலாம். அறுவையைவிட அதே இடத்தில் மறுபடி தலைகாட்டும் வாய்ப்பு சற்று அதிகம். வந்தால் மீண்டும் செய்யலாம். ஆனால் கருக்கிய பிறகு அது என்ன கட்டி என்று பார்க்க எதுவும் மிஞ்சாது. முதலில் திசு எடுத்துப் பார்த்தாக வேண்டும். "ஊசி குத்தினால் பரவிவிடும்" என்ற பயத்தை விடுங்கள். வெளியே ஓர் உறைக்குழாயை வைத்து, அதனுள் ஊசியை விட்டுத் திசு எடுக்கும் இன்றைய முறையில் அப்படி நடப்பது அரிதிலும் அரிது.

அடுத்தது, ஒன்றும் செய்யாமல் கவனித்து வருவது. இதைச் சொன்னால், "காசில்லை என்று கைவிடுகிறீர்களா?" என்று முகம் சுருங்குகிறது. கைவிடவில்லை. முதலில் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று, நிலையாக இருந்தால் ஆண்டுக்கு ஒன்று. ஆண்டுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தாலோ 3, 4 செ.மீ.யை நெருங்கினாலோ அப்போது சிகிச்சை. தயவுசெய்து பழைய படத்தையும் கொண்டு வாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஓர் இயந்திரத்துக்கும் இன்னொன்றுக்கும், அளக்கும் ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். அதைக் கண்டு அழுதுகொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம் எல்லாம் கட்டியைக் கரைக்காது. பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மலையில் இருப்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. மஞ்சூரிலிருந்து கோயம்புத்தூர் போய் வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று, பஸ்ஸில் வாந்தி வேறு. "மொத்தமாக எடுத்துவிட்டால் திரும்பத் திரும்ப இறங்க வேண்டாமே" என்கிறீர்கள். மிஞ்சிய சிறுநீரகமும் சோர்ந்தால் டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை. ஆண்டுக்கு ஓரிரு முறை ஸ்கேனுக்கு இறங்குவதையும் இதையும் நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

பகுதி அகற்றும் அறுவை செய்துகொள்ளும் மலைவாசிகளிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். வெட்டிய இடத்தில் இரத்தக்குழாய் புடைத்து, இரண்டு வாரம் கழித்துக்கூடத் திடீரென்று இரத்தம் கசியலாம். எல்லோருக்கும் வராது, வந்தால் இரத்தக்குழாய் வழியாகவே உள்ளே போய் அடைத்துவிடலாம், அந்த வசதி உள்ள இடத்தில் இருந்தால். ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை அடைத்திருக்கும் இரவில் என்ன செய்வீர்கள்? தையல் பிரித்த கையோடு ஊருக்கு ஏறாதீர்கள். இரண்டு மூன்று வாரம் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீட்டில் இருங்கள். சிறுநீர் சிவப்பாக, கட்டிகட்டியாக வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் டிஸ்சார்ஜ் அட்டையைக் காட்டி, சிறுநீரகத்தில் ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள்.