ராணி தலையா, ராஜா தலையா?

திருவொற்றியூரில் வக்கீலாக இருக்கிறேன். பெரும்பாலும் பத்திரம் பார்த்துச் சொல்லும் வேலை. நிலத்துக்கு மூலப்பத்திரம் தேடி வருகிறவர்களில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேர் அப்படியே வம்சத்துக்கும் மூலம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். மணலியை ஒட்டிய மாத்தூர் பக்கத்திலிருந்து வந்த அறுபத்துச் சொச்ச வயதுக்காரர் அந்த ரகம். விக்டோரியா ராணி காலத்தில் அங்கே ஏர் பிடித்த தன் முன்னோர் யார், அவர் மனைவி யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

மடித்து மடித்து நாலு துண்டாகப் போகிற நிலையில் ஒரு கடன் சீட்டு கொண்டுவந்திருந்தார். ‘தாது வருஷம் ஆனி மாதம்’ என்று தொடங்குகிறது. இன்னார் குமாரன் முனுசாமி (பெயரை மாற்றியிருக்கிறேன்), மேற்படியார் பெண்சாதி, இருவரும் சேர்ந்து வாங்கிய கடன். தாது என்றதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. 1876, தாது வருஷப் பஞ்சம்! போதாக்குறைக்கு ‘பஞ்சத்துல கால்வாய் வெட்டப் போனவங்க’ என்று அந்த வீட்டில் ஒரு கதையும் இருந்தது. வம்சாவளி எழுதி, உச்சியில் அந்த ஜோடியை உட்காரவைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாசம் கழித்து எண்பத்தைந்து வயது அத்தையோடு திரும்பி வந்தார். சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அத்தை, “இது எங்க அம்மா பேராச்சே தம்பி” என்றார். இவருக்குத் தன் ஆயாவின் பெயரே தெரியாது. சின்ன வயதிலிருந்து அவருக்கு அது மோர்க்கார ஆயா.

அப்புறம்தான் லென்ஸை எடுத்தேன். ஓரணா ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேலே கைநாட்டு மை. மைக்கு அடியில் தாடியும் கிரீடமுமாக ஒரு ராஜா. 1876 என்றால் அங்கே ராணியின் தலை அல்லவா இருக்க வேண்டும்? தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இது 1936-ன் தாது. சீட்டில் இருந்த முனுசாமி, நாங்கள் தேடியவரின் பேரன். தேடியவர் பெயரும் முனுசாமிதான் என்று பிறகு தெரிந்தது. தாத்தா பெயரையே வைத்திருக்கிறார்கள். நான் வாங்கிய ஃபீஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. அது வேறு கதை.

ஆகவே, பெயரை வைத்துக்கொண்டு ஆளைத் தேடாதீர்கள். எங்கள் பகுதியில் தடுக்கி விழுந்தால் ஒரு முனுசாமி மேல்தான் விழ வேண்டும். நிலத்தை வைத்துத் தேடுங்கள், மனைவியை வைத்து உறுதிப்படுத்துங்கள். பிறப்பு, இறப்புச் சான்று கேட்டு மாநகராட்சிக்கு ஓடுவதில் பயன் இல்லை. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல்தான் வந்தது. தவிர மாதவரம், மணலி எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது 2011-ல். மாவட்டம் என்று பார்த்தால் 2018 வரை திருவள்ளூர், 1997-க்கு முன் செங்கல்பட்டு. எந்த ஊர்க் காகிதம் எந்த அலுவலகத்தில் தூங்குகிறது என்று கேட்டு அலைவதிலேயே பாதி நாள் போய்விடும்.

பத்திரப் பதிவு அதைவிடப் பழையது, 1860களில் தொடங்கிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக இன்னொன்று உண்டு. நான் எப்போதும் சொத்து அட்டவணையைத்தான் முதலில் கேட்பேன். பழைய சர்வே எண் தெரிந்தால் போதும். 1980களில் யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பட்டா வந்தபோது எண்கள் மாறியிருக்கலாம், அதனால் கையில் இருக்கும் பட்டா எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ரெவின்யூ கணக்கில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருஷம். பசலிக்கு அறுபது வருஷக் குழப்பம் கிடையாது.

இப்படித் தேடியதில் 1900களின் தொடக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திர நகல் ஒன்று கிடைத்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் நிலத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். இறந்துபோன தகப்பனாரின் பெயர் முனுசாமி. நான்கெல்லையில் மேற்கே இருப்பதும் பங்காளி நிலம்தான். எனக்கு வேண்டியது கடைசிப் பக்கத்தில் இருந்தது: ‘எங்கள் தாயார் ஜீவனாம்சத்துக்காக விட்ட முப்பது குழி’. விதவைக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்வி வந்ததால்தான் அந்த அம்மாளின் பெயர் காகிதத்தில் ஏறியது. அந்தக் காலப் பத்திரங்களில் விவசாயி வீட்டுப் பெண்களை நான் அதிகம் பார்த்திருப்பது இந்த ஜீவனாம்சப் பத்தியில்தான். குழி என்றால் இங்கே 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. அம்மாளுக்குக் கிடைத்தது ஏழு கிரவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம்.

கால்வாய்க் கதையையும் பார்த்தேன். பக்கிங்ஹாம் கால்வாயில் வடசென்னை வழியே எண்ணூருக்குப் போகும் பகுதி 1806-லேயே வந்துவிட்டது. பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-ல் வெட்டியது கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் சுமார் எட்டு கிலோமீட்டர். போனவர்கள் போயிருக்கலாம், ஆனால் அந்த இடம் மாத்தூருக்குப் பக்கம் இல்லை.

பழைய காகிதம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூடு பட்டு மை போகும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, அதை வீட்டுக் கிழவிகளிடம் வாசித்துக் காட்டுங்கள். எனக்கு வர வேண்டிய புத்தியை அந்த அத்தைதான் கொடுத்தார்.

அந்த முப்பது குழி இப்போது கன்டெய்னர் யார்டுக்குள் இருக்கிறது. பத்திரத்தில் அம்மாளைப் பொன்னேரிப் பக்கத்து ஒரு கிராமத்துக்காரரின் குமாரத்தி என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போகிறோம், அத்தையும் வருகிறாராம்.