சைலன்சர்: சொல்லும் அதன் தமிழும்

குன்னூரிலோ கூடலூரிலோ யாரிடமாவது சைலன்சர் என்று சொல்லிப் பாருங்கள். அவர் மனதில் வருவது பைக்கின் புகைக்குழாய்தான். ஏறும்போது காலைச் சுடுகிற குழாய். புல்லட்டில் அதை மாற்றிப் போட்டு மலைப்பாதையெல்லாம் அலறவிட்டு, செக்போஸ்டில் அபராதம் கட்டுகிறவர்களும் உண்டு. குன்னூரிலிருந்து நியூசிலாந்துக்கு வேலைக்குப் போன பையன் ஒருவன் வீட்டுக்குப் போன் போட்டு "சைலன்சர் வாங்கியிருக்கேம்மா" என்றால், "வண்டிக்கு என்னடா ஆச்சு?" என்றுதான் அம்மா கேட்பார். அவன் வாங்கியது துப்பாக்கிக் குழலின் முனையில் திருகி மாட்டுகிற உலோக உருளை.

இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது தற்செயல் அல்ல. மாக்சிம் என்ற இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், அதன் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமாகிப்போனவர். அவர் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கி, 'மாக்சிம் சைலன்சர்' என்ற பெயரில் விற்றார். அவருடைய நிறுவனம் பிறகு எஞ்சின்களுக்கும் அதே வேலையைச் செய்யும் கருவிகளைத் தயாரித்தது. அப்பா சத்தம் கொடுத்தார், மகன் அதைக் குறைத்து விற்றார். நல்ல குடும்பம்.

வேலை செய்யும் விதமும் ஒன்றுதான். துப்பாக்கியில் வெடிமருந்து எரிந்ததும் சூடான வாயு மிகுந்த அழுத்தத்தோடு குழல்வாயை விட்டு ஒரே நொடியில் பாய்வதால்தான் அந்த 'டமார்'. உருளைக்குள் வரிசையாகத் தடுப்புத் தட்டுகளும் சிற்றறைகளும் இருக்கும். வாயு அறை அறையாக விரிந்து, சூடு குறைந்து, மெதுவாக வெளியேறும். நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, விரிவறை மூலமோ வேறு வழியிலோ சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சாதனம் என்று சைலன்சரை விளக்குகிறது. இதைத் துப்பாக்கிக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 'இயன்றவரை' என்ற சொல்தான் அதில் முக்கியம்.

ஏனென்றால் சத்தம் போய்விடுவதில்லை. வேட்டை ரைபிளின் வெடியொலி ஏறக்குறைய 160 டெசிபல். கருவி மாட்டினால் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். திடீர் ஒலி 140 டெசிபலைத் தாண்டினால் காதுக்குக் கேடு என்பார்கள். பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். அதுபோக, தோட்டா ஒலியைவிட வேகமாகப் போகும்போது காற்றைக் கிழிக்கிற 'சடார்' ஒலி தனியாக உண்டு. குழல் முனையில் எதை மாட்டினாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. சினிமாவில் 'புஸ்' என்று ஒரு சத்தத்தோடு ஆள் விழுவது சினிமாவில் மட்டும்.

சைலன்சர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் மௌனமாக இருப்பதைக் குறிக்கும் வினை. மாக்சிம் வைத்தது ஒரு வியாபாரியின் மிகைப்பேச்சு. இதைச் சரிசெய்யத்தான் சப்ரெசர் என்ற சொல் பின்னால் வந்தது. அதுவும் லத்தீன்தான்: கீழே அழுத்துதல். பிரிட்டனில் வண்டிக்குச் சைலன்சர் என்பவர்கள் துப்பாக்கிக்கு மாடரேட்டர் என்கிறார்கள். அமெரிக்காவில் வண்டிக்கு மஃப்லர், துப்பாக்கிக்குச் சைலன்சர் அல்லது சப்ரெசர். நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது பிரிட்டிஷ் வழக்கு. ஜெர்மன்காரர்கள் ஒலியை மட்டுப்படுத்துவது என்று பொருள்படும் ஷால்டெம்ஃபர் என்கிறார்கள். இருப்பதில் நேர்மையான பெயர் அதுதான்.

வெளிநாட்டு வேட்டைக்கு இதைக் கொண்டுபோகிறவர்களுக்குக் குழப்பம் பெயரோடு நிற்பதில்லை, சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நார்வே, பின்லாந்து, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் வேட்டைக்காரர்களிடம் இது சாதாரணமாகப் புழங்குகிறது. காதையும், பக்கத்துப் பண்ணைக்காரர் தூக்கத்தையும் காக்கும் பொருள். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 200 டாலர் வரி போட்டது. 2026 ஜனவரி 1 முதல் வரி பூஜ்யம், பதிவு செய்வது மட்டும் தொடர்கிறது. அங்கிருந்து வெளியே கொண்டுபோவதில் இன்னொரு சிக்கல்: சாதாரண வேட்டை ரைபிளின் ஏற்றுமதியை வணிகத் துறை பார்க்கிறது, அதன் முனையில் இருக்கும் உருளையை வெளியுறவுத் துறை பார்க்கிறது. ரைபிளுக்குக் காகிதம் சரியாக இருக்கிறதே என்று உருளையையும் பெட்டியில் போடுகிறவர் மாட்டிக்கொள்வார். ஆஸ்திரேலியாவிலோ பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண வேட்டைக்காரருக்கு இது கூடாது. ஆகவே போகிற நாட்டோடு, விமானம் மாறுகிற நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இதனால் பலர் தங்கள் உருளையை வீட்டிலேயே விட்டுவிட்டு, போகிற இடத்தில் வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும் இரண்டு சிக்கல். அமெரிக்கக் குழல்களின் திருகு மரை பெரும்பாலும் அங்குலக் கணக்கு, ஐரோப்பாவில் மில்லிமீட்டர். மரை பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல கருவியும் வீண். அப்புறம், முனையில் எடை ஏறினாலும் இறங்கினாலும் தோட்டா படும் இடம் மாறும். போன இடத்தில் குறியை மறுபடி சரிபார்க்காமல் காட்டுக்குள் போகிறவர் விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடுவார்.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைக்கும்படி அமைத்த துணைக்கருவி என்று நம் ஆயுத விதிகள் பெயர் சொல்லாமல் விளக்கி, தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள் இருக்கும் முதல் வகையிலேயே இதைச் சேர்க்கின்றன. பிரிட்டிஷ் சட்டத்தின் வாசகமும் கிட்டத்தட்ட இதேதான். சட்டம் எழுதியவர்கள் மாக்சிமின் விளம்பரப் பெயரை நம்பவில்லை என்பது தெரிகிறது.

நீலகிரியில் இந்தத் தடைக்குக் கூடுதல் நியாயம் உண்டு. 1877இல் வெள்ளைக்காரர்கள் இங்கே வேட்டைக்காரர் சங்கம் அமைத்தார்கள். 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவர்கள் காப்பாற்றியது பெரும்பாலும் தாங்கள் சுடுவதற்காகத்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் 1991 திருத்தத்துக்கும் பிறகு வேட்டை என்பதே கள்ள வேட்டைதான். நாட்டுத் துப்பாக்கியின் வெடிச்சத்தம்தான் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குக் கிடைக்கும் முதல் தகவல். காட்டில் அந்தச் சத்தம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் காது காக்கும் கருவி, இங்கே வந்தால் கள்ள வேட்டைக்காரனைக் காக்கும் கருவி.

நம் குன்னூர்ப் பையன் நியூசிலாந்தில் தார் என்ற மலையாட்டு வேட்டைக்குப் போனேன் என்று சொன்னால் அதற்கும் பதற வேண்டாம். நீலகிரி தார் என்று ஆங்கிலத்தில் எழுதப்படும் நம் வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு; சுட்டால் சிறை. அங்கே இருப்பது 1904இல் கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகிய இமாலயத் தார், அரசே எண்ணிக்கையைக் குறைக்கிற விலங்கு. பெயர்தான் ஒன்று, இனம் வேறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒலியடக்கி, ஒலி ஒடுக்கி என்ற இரண்டையும் எழுதிப் பார்க்கலாம். அடக்குதல் என்றால் முழுக்கக் கைக்குள் கொண்டுவருதல். மாக்சிமின் மிகை அப்படியே தமிழுக்கு வந்துவிடுகிறது. ஒடுக்குதல் சப்ரெசருக்கு நேர்ச்சொல்தான், ஆனால் அடக்குமுறை வாடை அடிக்கிறது. மின்சுற்றில் இரைச்சலை ஒடுக்கலாம். துப்பாக்கிக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நான் எடுப்பது தணித்தல். ஜூலை மாதத்து ஊட்டியில் "மழை தணிஞ்சிருக்கு" என்றால் குடை வேண்டாம் என்று பொருள் இல்லை. வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. நின்றுவிட்டால் "நின்னுருச்சு" என்றுதான் சொல்வோம். 160 டெசிபல் 130 ஆவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை இல்லை.

ஆகவே ஒலிதணிப்பான். அழிப்பான் என்று பள்ளிப் பிள்ளைகள் வாயில் புழங்கும் வடிவம்தான், அந்நியமாக இராது. வண்டிக்குச் சைலன்சர் என்பதை மாற்றச் சொல்ல மாட்டேன், மெக்கானிக் சிரிப்பார். துப்பாக்கியைப் பற்றி எழுதும்போது 'ஒலிதணிப்பான் பொருத்திய ரைபிள்' என்று எழுதலாம். ஒலியைத் தணிப்பது என்று இரண்டாம் வேற்றுமை தொக்கி நிற்பதால், ஒலிபெருக்கியில் 'ப்' மிகாதது போலவே இங்கும் 'த்' மிகாது. ஒலித்தணிப்பான் என்று எழுத வேண்டாம்.