வால்வெள்ளி: வாலா, கூந்தலா, கொடியா?

வால்வெள்ளி என்றதும் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு நீண்ட வால்தான் மனத்தில் வரும். ஆனால் அடிக்கடி திரும்பி வரும் என்கே என்ற வால்வெள்ளியைப் பைனாகுலரில் தேடிப் பிடிப்பவருக்குப் பெரும்பாலும் வால் என்று ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டால் படியுமே ஒரு மங்கல், அந்த மாதிரி வட்டமான ஒரு வெண்திட்டு. நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்றே ஒதுக்கினால் மறுபடி தலைகாட்டும். வாலே காட்டாத ஒன்றை எப்படி வால்வெள்ளி என்பது?

கிரேக்கர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் மொழியில் 'கோமே' என்றால் தலைமுடி, 'கோமேட்டேஸ்' என்றால் நீண்ட முடியுடையது. ஆங்கிலத்தின் காமெட் அங்கிருந்து வந்ததுதான். வால்வெள்ளியின் நடுவே இருக்கும் கெட்டியான கருவைச் சூழ்ந்து நிற்கும் வாயுவும் தூசியுமான உறைக்கு இன்றும் கோமா என்றே பெயர். (மருத்துவமனையில் சொல்லும் கோமா வேறு, அது ஆழ்ந்த தூக்கம் என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்.) என்கேயிடம் நாம் பார்ப்பது இந்தக் கோமாவைத்தான். இதைக் 'கூந்தல்' என்றே தமிழில் சொல்லலாம் என்பது என் கட்சி.

தமிழில் பழைய பெயர் புகையை ஒட்டியது. புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர் 'மைம்மீன் புகையினும் தூமம் தோன்றினும்' என்கிறார். மைம்மீன் என்பது சனி, தூமம் என்பது வால்வெள்ளி. வானத்தில் இப்படிக் கெட்ட குறிகள் தெரிந்தபோதும் பாரியின் நாட்டில் மழை பொய்த்ததில்லை என்பது பாட்டின் செய்தி. வடமொழியின் தூமகேது என்பதில் தூமம் புகை, கேது கொடி. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை அதையே 'புகைக்கொடி' என்று அழகாகத் தமிழாக்கி வைத்திருக்கிறது. சாதாரணக் கண்ணுக்குத் தெரிவதை இதைவிடச் சரியாகச் சொல்லும் சொல் எனக்குத் தெரிந்து இல்லை. கொடி காற்றடிக்கும் பக்கம் பறக்கும், இதுவும் அப்படித்தான். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீளும். சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வால் முன்னே போக, தலை பின்னே வரும். எந்த மாட்டுக்கும் அப்படி வால் கிடையாது!

இன்று புழங்குபவை வால்நட்சத்திரம், வால்மீன், வால்வெள்ளி. வால்மீன் என்றால் குழந்தைகள் குளத்தைத்தான் நினைக்கும். தவிர, இன்றைய வழக்கில் மீனும் நட்சத்திரமும் தானே ஒளிரும் விண்மீனைக் குறிப்பவை. வெள்ளி அப்படியில்லை; விடிவெள்ளி என்று சூரிய ஒளியில் மின்னும் ஒரு கோளையே அப்படி அழைக்கிறோம். அதனால் மூன்றில் வால்வெள்ளியே பொருத்தம்.

சரி, குறுங்கால வால்வெள்ளி என்கிறார்களே, அது? கேட்டால் கொஞ்ச நாளில் அழிந்துவிடுவது போலத் தோன்றுகிறது. உண்மையில் சொல்ல வருவது சுற்றுக்காலம் 200 ஆண்டுக்குள் இருப்பதை. குறுஞ்சுற்று வால்வெள்ளி என்றால் குழப்பமில்லை. ஹாலி சுமார் 76 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. என்கேக்கு 3.3 ஆண்டுதான். சூரியனுக்கு மிக அருகே வரும் அண்மைநிலையில் ஏறத்தாழ 5 கோடி கிலோமீட்டர், சேய்மைநிலையில் சுமார் 61 கோடி. அதாவது வியாழனின் பாதையை எட்டும் முன்பே திரும்பிவிடும்.

இவ்வளவு அடிக்கடி வந்தும் அது ஒன்றுதான் என்று தெரிய வெகுநாள் ஆனது. 1786இல் பியேர் மெஷான் பார்த்தார். 1795இல் கரோலின் ஹெர்ஷல். 1805இலும் 1818இலும் பிரான்சின் மார்செய் வானாய்வகத்தில் வாயில்காப்பாளராகச் சேர்ந்து வானியலாளராக உயர்ந்த போன்ஸ். நாலும் ஒன்றே என்று ஜெர்மானியரான யோஹான் என்கே கணக்குப் போட்டு 1819இல் காட்டினார். 1822இல் திரும்பும் என்றார். அந்த ஆண்டு ஜூனில் ஐரோப்பாவிலிருந்து பார்க்க வழியில்லை. ஆஸ்திரேலியாவின் பாரமாட்டாவில் இருந்த கார்ல் ரூம்கர் அதைப் பிடித்தார். ஹாலிக்குப் பிறகு, திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்லி அப்படியே வந்த இரண்டாவது வால்வெள்ளி இது. திரும்பி வரும் வால்வெள்ளிகளின் பட்டியலில் 2பி என்ற எண் அதனால்தான்.

கணக்கில் ஒரு உறுத்தல் மட்டும் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டரை மணி நேரம் போல முன்னதாகவே வந்து நின்றது. விண்வெளியில் ஏதோ ஊடகம் உரசுகிறது என்று என்கே நினைத்தார். 1950இல்தான் அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள் வேறு விடை சொன்னார்: கரு தூசி கலந்த பனிக்கட்டி, வெயில் பட்ட பக்கம் வாயு பீறிட்டு, ராக்கெட் போல அதைத் தள்ளுகிறது. கூந்தலாக நாம் பார்ப்பதும் அந்த வாயுவையும் தூசியையும்தான்.

போன முறை அண்மைநிலைக்கு வந்தது 2023 அக்டோபர் 22 அன்று. அடுத்தது 2027 பிப்ரவரியில். என்கே கடைசிவரை அதைத் தன் பெயரால் அழைக்கவில்லை. போன்ஸின் வால்வெள்ளி என்றுதான் எழுதினார்.